முப்பது வாய்

நாக்கை நன்றாக வெளியே நீட்டச் சொன்னாள் பிர்கிட். முப்பது பெண்களும் நீட்டினார்கள். சண்முகக்கனி நீட்டவில்லை. நீட்டுகிற மாதிரி வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு, கடைசி வரிசையில் பிள்ளை படுத்திருக்கிற தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் நின்றாள். வெள்ளை பூத்த நாக்கு, காப்பி குடித்துக் குடித்துப் பழுப்பேறின நாக்கு, ஓரத்தில் பல் தடம் விழுந்த நாக்கு. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டால்கூட ஊரில் பாதி நாக்கைத்தான் காட்டுவார்கள், காட்டிவிட்டு உடனே உள்ளே இழுத்துக்கொள்வார்கள். இங்கே பாட்டுப் பாடுவதற்கு முன்னால் தொண்டையைத் தளர்த்த வேண்டுமாம். அடுத்தது உதட்டை ஒட்டிவைத்து ப்ர்ர்ர் என்று ஊத வேண்டும். ஊதினார்கள். முன்னால் நின்ற உயரக்காரியின் எச்சில் ஒரு பொட்டு சண்முகக்கனியின் மணிக்கட்டில் வந்து விழுந்தது. உடனே துடைத்தால் அவள் பார்த்துவிடுவாள், தப்பாக நினைப்பாள். துடைக்காமல் அந்தப் பொட்டு இருக்கிற இடம் மட்டும் கொதித்துக்கொண்டே இருந்தது. யாரும் பார்க்காதபோது கையை மெதுவாக இறக்கி, கைக்கு அகப்பட்ட துணியில் தேய்த்தாள். தேய்த்த பிறகுதான் தெரிந்தது, அது பிள்ளையின் போர்வை. சீ, எங்கே கொண்டு துடைச்சிருக்கேன் பாரு. போர்வையின் அந்த மூலையை மடித்து மடித்து உள்ளே திணித்தாள்.

ஜெர்மனியில் அது ஒரு சின்ன ஊர். சர்ச்சுக்குப் பின்னால் உள்ள ஹால், சனிக்கிழமை மத்தியானம், வெளியே நசநசவென்று மழை. ஈரக் கம்பளிக் கோட்டுகள் வரிசையாகத் தொங்கி, நனைந்த ஆட்டு வாடையை விட்டுக்கொண்டிருந்தன. நாளைக்கு இதே ஹாலில் விழா. பல தேசத்துப் பெண்கள் தங்கள் தங்கள் சாமி பாட்டைக் கொடுத்து, அதை எல்லாரும் சேர்ந்து பாடுகிற விழா. கானா நாட்டுக்காரி எஸி ஒன்று கொடுத்திருந்தாள், சிரியாக்காரி ஒன்று, உக்ரைன்காரி ஒன்று. தமிழ்ப் பாட்டு சண்முகக்கனி கொடுத்தது. கொடுத்தது என்றா சொல்வது? வாங்கிக்கொண்டார்கள். இல்லை, அதுவும் சரியில்லை, நீதானே வாயைத் திறந்தே. யாராவது உன் கையை முறுக்கினார்களா? பிர்கிட் நல்லவள். இந்தத் தள்ளுவண்டி அவள் பேத்திக்கு வாங்கினது, துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். மூத்தவள் தன்ஷிகாவுக்குப் பாலர் பள்ளியில் இடம் கிடைக்க நாலு தடவை கூடவே நடந்தாள். அப்படிப்பட்டவள் கையை நீட்டி, ஒரு பாட்டு, உன் ஊர் சாமி பாட்டு, என்று கேட்டபோது எப்படி இல்லை என்பது? இல்லை என்பதற்கு ஜெர்மனில் வார்த்தை தெரியும். ஏன் இல்லை என்பதற்குத்தான் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு அதைத் தமிழில் சொல்லவே வராது.

அன்றைக்கு, அந்த முதல் நாள், பிள்ளை பிறந்து ரெண்டு மாசம். வட்டமாக நாற்காலி போட்டிருந்தார்கள். ஒவ்வொருத்தியாகப் பாடிக்கொண்டு வர வர, இவளுக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த பாட்டு, கோயில் ஒலிபெருக்கியில் தினம் கேட்ட பாட்டு எல்லாம் மண்டையைவிட்டுப் போய்விட்டன. நாக்கு நுனியில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. போன கார்த்திகையில் தன்ஷிகாவுக்கு அம்மை போட்டிருந்த பதினோரு நாளும், விளக்கேற்றுகிற நேரத்துக்கு அவள் பக்கத்தில் உட்கார்ந்து பாடின பாட்டு. அம்மை கண்ட வீட்டில் மட்டும் பாடுகிற பாட்டு. ஊரில் செல்லத்தாய் அத்தை, தெருவில் யாருக்கு அம்மை முத்து போட்டாலும் போய்ப் பாடுவாள், இவளுக்குப் போட்டபோதும் பாடினாள். மூன்று பங்கு அந்தப் பாட்டு. முதல் பங்கில் அம்மனை வா என்று கூப்பிடவேண்டும், வந்தவளை வராதே என்று சொல்லக்கூடாது அல்லவா. ரெண்டாம் பங்கில் உடம்பில் போட்ட முத்தையெல்லாம் எண்ணி எண்ணி இறக்கச் சொல்லவேண்டும். மூன்றாவதில் வாசல் தாண்டி வழியனுப்ப வேண்டும். கூப்பிட்டால் அனுப்பணும். அனுப்பாமல் பாட்டைக் கீழே வைக்கக்கூடாது. பாதியில் இருமல் வந்தால்கூட அத்தை கையைக் காட்டி, யாரும் எழுந்திரிக்காதீங்க என்று சைகை செய்து, தண்ணி குடித்துவிட்டுத் தொடருவாள். அந்தப் பாட்டைத்தான் இவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

*வாடியம்மா வாடி, எங்க வாசக்கதவு திறந்திருக்கு,*
*வேப்பங்கொழை விரிச்சிருக்கு, வெறுந்தரையும் குளுந்திருக்கு.*

முதல் பங்கு முடிந்து மூச்சு வாங்குகிற இடம் ஒன்று உண்டு. வாங்கினாள். அவ்வளவுதான், படபடவென்று கை தட்டிவிட்டார்கள். முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். பிர்கிட் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இன்னும் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? கை தட்டினவர்கள் எல்லாரும் சிரித்த முகமாய் இவளையே பார்க்க, முகம் சுட்டது, தலை தானாகக் குனிந்துகொண்டது. குனிந்தவள் சிரித்தாளே, அதைச் சொல். நல்லாப் பாடுதே என்று இந்த இருபத்தாறு வயசுவரை யாரும் சொன்னதில்லை, முப்பது பேர் ஒரே நேரத்தில் சொன்னதும் உள்ளே ஒன்று இனித்ததே. அந்த இனிப்பை நினைத்தால்தான் இப்போது ஓங்கரிப்பு வருகிறது. எச்சிலை விடு, ஆட்டு வாடையை விடு. அந்த இனிப்பு.

முன்வரிசையிலிருந்து சாருலதா திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினாள். இந்த ஊரில் உள்ள இன்னொரு தமிழ்ப் பெண் அவள் ஒருத்திதான். சென்னைக்காரி, கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை, ஜெர்மன் பேசினால் ஜெர்மன்காரர்களே நின்று கேட்பார்கள். "ஏய் கனி, ஏன் அங்க போய் ஒளிஞ்சிட்டிருக்க? முன்னாடி வா. பாட்டே உன்னோடது!" "இருக்கட்டுங்க்கா, பிள்ள தூங்குது." "அது தூங்கட்டும், நீ வா." "இங்கருந்தே கேக்குங்க்கா." சாருலதா உதட்டைப் பிதுக்கி, பக்கத்தில் நின்றவளிடம் ஏதோ சொல்ல, இருவரும் அன்பாகச் சிரித்தார்கள். அன்புதான். அதில் ஒன்றும் குறையில்லை. சாருக்காதான் பாட்டைக் கேட்டுக் கேட்டு இங்கிலீஷ் எழுத்தில் எழுதி, கீழே ஜெர்மனில் அர்த்தம் போட்டு எல்லாருக்கும் தாள் கொடுத்தது. அன்றைக்கே இவள் போன் போட்டு, அடுக்களை மூலையில் நின்றுகொண்டு, "அக்கா, அது இன்னும் இருக்கு, பாதிதான் பாடுனேன்" என்றாள். "அப்படியா, பாடு பாடு." மெல்லிய குரலில் பாடிக் காட்டினாள். அந்தப் பக்கமிருந்து, "ஐயோ கனி, இதுல சீழ், சொறி, தோல் உரியறதுன்னு என்னென்னமோ வருதே. விழால எல்லாருக்கும் சூப் குடுக்கறாங்கம்மா! முதல் பாதியே சூப்பரா இருக்கு, சுலபமா வாய்ல நிக்குது. அது போதும்." "இல்லக்கா, அனுப்பாம…" "எங்க வீட்டுல இதெல்லாம் பாடவே மாட்டோம் தெரியுமா? எனக்கே எவ்ளோ புதுசா இருக்கு. நீ கவலப்படாத." போனை வைத்தபிறகும் இவள் காதில் அந்த "எங்க வீட்டுல" ஒட்டிக்கொண்டு கிடந்தது. உங்க வீட்டுல பாடமாட்டிய. அம்மை உங்க வீட்டுக்கு வந்தா ஊசி, மாத்திரை, ஏசி ரூம். எங்க வீட்டுல பாடுனதை எடுத்து இங்க வச்சுப் பாடுவிய, சீழை மட்டும் வழிச்சுப் போட்டுட்டு.

வீட்டுக்காரர் நயினாரிடம் சொல்லிப் பார்த்தாள். அவர் இங்கே ஒரு இந்திய ஓட்டலில் தோசை மாஸ்டர். "ஏங்க, நான் அதுக்குப் போவல." "எதுக்குப் போவல?" "பாதில நிறுத்தி நிறுத்திக் கூப்புடுதாவ. வாரா வாரம். அம்மன கூப்புட்டுட்டு கேக் தின்னப் போயிருதாவ." நயினார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "ஏட்டி, ஊர்ல ஒரு அம்மன் கோயில்ல உன்ன மைக்க தொட விட்டிருப்பாவளா? இங்க வெள்ளக்காரி உன் பாட்ட மனப்பாடம் பண்ணிக்கிட்டு நிக்கா. எங்க மொதலாளி போட்டோ புடிச்சு ஓட்டல்ல ஒட்டணுங்காரு. நீ என்னன்னா மூஞ்சிய வேப்பெண்ண குடிச்ச மாரி வச்சிருக்க." பிறகு கொஞ்சம் இறங்கி, "அம்மன் விசா எடுத்து இவ்ளோ தூரம் வருவாளாக்கும்?" என்றார். இவளும் சிரித்துவிட்டாள். ஆனால் போன கார்த்திகையில் வந்தாளே. தன்ஷியின் முதுகெல்லாம் கொத்துக் கொத்தாக வந்து உட்கார்ந்தாளே. அப்போது யார் கூப்பிட்டார்கள்? கூப்பிடாமலே வந்தவளை அனுப்புவதற்குப் பதினோரு நாள் ஆனது. வேப்பிலை கிடையாது, இந்தியக் கடையில் வாங்கின வேப்பம்பொடியை வெந்நீரில் கரைத்து ஊற்றினாள். வயிற்றில் சின்னவளுக்கு நாலு மாசம். பிள்ளைத்தாச்சி அம்மை வீட்டில் இருக்கக்கூடாது, பாடவும் கூடாது. வேறு யார் இருக்கிறார்கள் இங்கே பாட? பாடினாள். பாடி அனுப்பிவிட்டாள். இப்போது முப்பது வாய், பதினாறு சனிக்கிழமை, ஒரு சனிக்கிழமைக்கு எட்டுத்தரம் என்றால்கூட… கணக்கு அதற்குமேல் போகவில்லை, போக வேண்டாம் என்று தலையை உதறினாள்.

இப்போது பாடினார்கள். முதலில் எஸியின் பாட்டு. எஸி கண்ணை மூடிக்கொண்டு இடுப்பை ஆட்டிப் பாடுவாள், மற்றவர்கள் தப்பும் தவறுமாகப் பாடினாலும் அவளுக்குச் சிரிப்புத்தான் வரும், இன்னும் பலமாய், இன்னும் பலமாய் என்பாள். அவளுக்கு ஏன் குமட்டவில்லை? அவள் பாட்டு எல்லாரும் கூடிப் பாடுவதற்கென்றே உண்டானதாக இருக்கும். எஸியின் பாட்டைச் சண்முகக்கனியே பாத்திரம் கழுவும்போது முணுமுணுக்கிறாள். அது என்ன பாட்டோ, கல்யாணத்துக்கா, கருமாதிக்கா? கேட்டதில்லை. நீயும் ஒரு வாய்தானே அப்போ? நீயும் யாரோ படைத்து வைத்ததை எடுத்து நக்குகிறவள்தானே? இந்த நினைப்பு வந்ததும் எதிரே திறந்து மூடுகிற வாய்களில் தன் வாயும் ஒன்று என்று பட்டு, உதட்டை இறுக்கிக்கொண்டாள். அடுத்தது தமிழ்ப் பாட்டு. ஒருத்தி மரப்பெட்டியில் தட்ட, ஒருத்தி கித்தார் வாசிக்க, *வாடியம்மா வாடி* என்று முப்பது பேரும் தோளை அசைத்தார்கள். குனிந்து இழுத்து, தாலாட்டு மாதிரிப் பாடவேண்டியது, துள்ளிக்கொண்டு போனது. பிர்கிட்டுக்குப் புதிதாக ஒரு யோசனை. கடைசி வரியோடு நிறுத்தவேண்டாம். வாடி, வாடி என்கிற வார்த்தையை மட்டும் பன்னிரண்டு தரம், ஒவ்வொரு தரமும் சத்தத்தைக் கூட்டி, வந்திருக்கிற ஜனம் மொத்தத்தையும் சேர்த்துப் பாடவைக்க வேண்டும். கையை மேலே மேலே தூக்கிக் காட்டினாள். வாடி, வாடி, வாடி. ஹாலின் கண்ணாடி அதிர்ந்தது. பன்னிரண்டாவதில் எல்லாரும் கையை விரித்துக் கூரையைப் பார்த்து நின்றார்கள், யாரோ மேலிருந்து குதிக்கப்போகிற மாதிரி. குதிக்கட்டும் என்று நின்றார்கள். அப்புறம் ஹோ என்று சிரித்தார்கள்.

இடைவேளை. மேஜையில் குவளைகள். சாருக்கா சொல்லிக் கொடுத்ததாம், இன்றைக்கு எல்லாருக்கும் மஞ்சள் பால், மேலே நுரை, நுரைமேல் பட்டைப் பொடி. அம்மை இறங்கினவளுக்குத் தலைக்கு ஊற்றுகிற தண்ணியின் நிறம் அப்படியே. பதினோராம் நாள் அந்தத் தண்ணி தன்ஷியின் தலையிலிருந்து வழிந்து, உதிர்ந்த பொருக்கெல்லாம் மிதக்க மிதக்கத் தொட்டிக்குழியில் சுற்றிக்கொண்டு இறங்கினது கண்ணில் நிற்கிறது. அதை நுரையோடு உறிஞ்சினார்கள். உயரக்காரியின் மேலுதட்டில் மஞ்சளாக மீசை. அவள் சட்டைக் கைக்குள்ளிருந்து ஒரு கைக்குட்டையை உருவி, புர்ரென்று மூக்கைச் சிந்தி, மடித்து, மறுபடியும் கைக்குள்ளேயே சொருகிக்கொண்டு, ஒரு குவளையை எடுத்து அன்பாக இவளிடம் நீட்டினாள். "டாங்கே" என்று வாங்கிக்கொண்டு, குடிப்பதுபோல உதட்டில் வைத்தாள். நல்லவேளை பிள்ளை அழுதது. அழுத சத்தத்துக்கு இவள் மார்பில் பால் சுரந்து சட்டை நனைந்துவிட்டது, ஒரு புளித்த வாடை. தன் வாடைதான். அதையும் பொறுக்கமுடியாமல் துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கழுவுகிற அறைக்கு ஓடினாள்.

துணி மாற்ற ஒரு பலகை போட்டிருந்தது. பிள்ளையைக் கிடத்தி, பொத்தானைக் கழற்றி, சட்டையை மேலே தூக்கினாள். தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு. கடுகு அளவுக்கு. காலையில் குளிப்பாட்டும்போது இல்லை. இருந்ததோ? இல்லை. விரலால் தடவினாள், மேலே கொஞ்சம் எழும்பியிருக்கிற மாதிரி. கம்பளி உரசினதாக இருக்கும், ஹீட்டர் சூட்டுக்கு வேர்த்ததாக இருக்கும். தன்ஷிக்கும் ஒன்றுதான் வந்தது முதலில், காதுக்குப் பின்னால், கொசு கடித்ததாக்கும் என்று எண்ணெய் தடவினாள். மறுநாள் விடிந்தால் இருபது. ஆறு மாசப் பிள்ளை தாங்குமா? அக்குளைத் தூக்கிப் பார்த்தாள், தொடை மடிப்பை விரித்துப் பார்த்தாள், தலைமயிரை விலக்கிப் பார்த்தாள். இந்த ஒன்றுதான். பிள்ளை சிணுங்கிற்று, காலை உதைத்தது. அதை அமர்த்த வாய் தானாக ஏதோ பாட, பிள்ளை சிரித்தது. ஈறு தெரியச் சிரித்து, கையை ஆட்டி, இன்னும் என்று கேட்டது. தான் என்ன பாடிக்கொண்டிருக்கிறோம் என்பது சண்முகக்கனிக்கு அப்போதுதான் காதில் விழுந்தது. வாடியம்மா வாடி. அத்தையின் இழுப்பில் இல்லை. அந்த மரப்பெட்டித் தாளத்தில், துள்ளலாய், பலகையில் விரலால் தட்டிக்கொண்டு. பிள்ளையின் வயிற்றுக்கு நேராகக் குனிந்து. பச்சை உடம்புக்கு நேராக. புறங்கையால் வாயை அடித்துக்கொண்டாள். குழாயைத் திறந்து வாயைக் கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பினாள். எத்தனை துப்பினாலும் நாக்கில் அந்தத் தாளம் வழுக்கிக்கொண்டே கிடந்தது. கண்ணாடியில் பார்த்தால் அவர்களைப்போலவே வாய் திறந்து, நாக்கு வெளியே.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்து நேராகச் சாருலதாவிடம் போனாள். நேராக யாரிடமும் போய் அவள் பேசினதில்லை. "அக்கா, நாளைக்கு நான் வரல." சாருலதா குவளையை இறக்கி, "ஏன், பாப்பாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்றாள். "நான் வரலக்கா. பாட்டையும் விட்டுருங்க." "அட, பயந்துட்டியா? மேடைன்னா அப்படித்தான் இருக்கும்." சாருலதா அவள் தோளைத் தட்டினாள். "பரவால்ல கனி, நீ வீட்ல ரெஸ்ட் எடு. நீ இல்லன்னாலும் நாங்க பாடிடுவோம். எங்களுக்குத்தான் இப்ப நல்லாத் தெரியுமே!"

தெரியும். அதுதான். இவள் வரவேண்டியதுகூட இல்லை. நாளைக்கு நயினாருக்குத் தோசை வேலை, இவள் வீட்டில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், நாலு தெரு தள்ளி இருநூறு பேர் பன்னிரண்டு தரம் வாடி வாடி என்று கத்திவிட்டுச் சூப் குடிக்கப் போவார்கள். கூப்பிட்டவர்கள் வீட்டுக்கா போவாள் அம்மன்? வேப்பிலை வாசம் தெரிந்த வீட்டுக்குத்தானே போவாள். "பாட்டு முடியலக்கா" என்றாள் சண்முகக்கனி. குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. நாலைந்து பேர் திரும்பினார்கள். பிர்கிட் வந்து, என்ன, என்ன சொல்கிறாள் என்று கேட்டாள். சாருலதா ஜெர்மனில் ஏதோ சொன்னாள். பிர்கிட்டின் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு கையையும் சேர்த்துத் தட்டி எல்லாரையும் கூப்பிட்டாள், பாட்டு இன்னும் இருக்கிறதாம். குவளைகளோடு வந்து சுற்றி நின்றார்கள். பிர்கிட் போனை எடுத்து நீட்டினாள், பதிவு பண்ண. அவளைப் பார்த்து இன்னும் நாலு போன். கண்ணாடிக் கண்கள் இவள் வாயையே பார்த்தன. இதையும் எடுத்துக்கொள்ளப் போகிறார்கள். கடைசியாக மிச்சம் இருப்பதையும். கொடுக்காவிட்டால் கூப்பிட்டது கூப்பிட்டபடி நிற்கும், கொடுத்தால் இதுவும் துள்ளும். பிள்ளை இடுப்பில் கனத்தது, அதன் வயிறு இவள் விலாவில் சூடாகப் பட்டது. சூடா, காய்ச்சலா?

குனிந்துகொண்டு ஆரம்பித்தாள்.

*கண்ணு முத்த எடு தாயி, நாக்கு முத்த எடு தாயி,*
*சீழ வடிய விடு தாயி, சொறிஞ்ச புண்ண ஆத்து தாயி.*

இழுத்து, நிதானமாக, அத்தை பாடுகிறபடி. மரப்பெட்டிக்காரி மெதுவாகத் தட்டிப் பார்த்தாள், தாளம் அகப்படவில்லை, விட்டுவிட்டாள். பிர்கிட் சாருலதாவின் முழங்கையைத் தொட்டு, என்ன அர்த்தம் என்று கேட்டாள். சாருலதா ஒரு கணம் இவளைப் பார்த்தாள், பிறகு சிரித்துக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னாள். கேட்டவர்கள் எல்லாரும் ஆ என்று தலையைச் சாய்த்து, நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்கள். ஜெர்மன் தெரியாவிட்டால் என்ன, சீழ் என்கிற சொல்லுக்கு யாரும் நெஞ்சில் கை வைக்கமாட்டார்கள் என்பது தெரியாதா? "என்னக்கா சொன்னிய?" என்றாள் பாட்டை நிறுத்தி. "தாய் குழந்தைக்கு முத்து மாலை போடறான்னு. விடு கனி, நீ பாடு." முத்து மாலை. உயரக்காரி கழுத்தில் போட்டிருந்த முத்து மாலையைத் தடவிக் காட்டிச் சிரித்தாள்.

சண்முகக்கனிக்கு ஜெர்மனில் இருபது முப்பது வார்த்தைதான் தெரியும். அதில் ஒன்று போன கார்த்திகையில் தன்ஷியின் பள்ளிக் கதவில் சிவப்பு எழுத்தில் ஒட்டியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்து, டாக்டர் வாயிலும் கேட்டு, பதினோரு நாளும் அந்த ஒரு வார்த்தையோடு கிடந்தவள். பிள்ளையின் சட்டையை நெஞ்சுவரை தூக்கினாள். தொப்புள் பக்கத்துச் சிவப்பில் விரலை வைத்தாள். "விண்ட்பொக்கன்" என்றாள். அம்மை. எல்லாருக்கும் கேட்கும்படி, ஒவ்வொரு முகமாகப் பார்த்து, முதல் தடவையாகத் தரையைப் பார்க்காமல். பிறகு வாயைத் தொட்டுக் காட்டினாள், இந்தப் பாட்டு இதுக்கு. "விண்ட்பொக்கன்."

நெஞ்சிலிருந்து கைகள் இறங்கின. உக்ரைன்காரி, காலடியில் விளையாடிக்கொண்டிருந்த தன் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். உயரக்காரி குவளையை மேஜையில் வைத்துவிட்டு, கையைப் பாவாடையில் துடைத்தாள், ஒரு தரம், ரெண்டு தரம். அந்தத் துடைப்பைச் சண்முகக்கனிக்கு நன்றாகத் தெரியும். ஒருத்தி மூக்குக்கு மேல் துணியை இழுத்துக்கொண்டாள். போன்கள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. பிர்கிட்டின் உதடு ஒரு பக்கம் கோணி, சிரிப்பா வேறு எதுவுமா என்று தெரியாமல் நின்றது. அவள் தன் கையிலிருந்த பாட்டுத் தாளைப் பார்த்தாள், அதை எங்கே வைப்பது என்று தெரியாதவள்போல விரல் நுனியால் பிடித்திருந்தாள். சாருலதா பல்லைக் கடித்துக்கொண்டு, "என்ன பண்ற கனி? இப்ப நாளைக்கு யார் பாடுவா இதை?" என்றாள். எஸி ஒருத்திதான் நின்ற இடத்திலேயே நின்றாள். சட்டையைத் தூக்கியிருந்த சண்முகக்கனியின் கையைப் பார்த்து, முடித்துவிடு என்பதுபோலத் தலையை ஒருமுறை ஆட்டினாள்.

பிள்ளையின் சட்டையை இறக்கிவிட்டு, சண்முகக்கனி மூன்றாம் பங்கைப் பாடினாள். வந்த வாசல் தாண்டிக்கோ, பிள்ள மடிய விட்டுக்கோ, திரும்பிப் பாக்காமப் போயிக்கோ. அம்மனை அனுப்புகிற நேரத்தில் வாசலுக்கும் படுக்கைக்கும் நடுவில் யாரும் நிற்கக்கூடாது, நின்றால் நின்றவர்களோடு தங்கிவிடுவாள் என்று ஊரில் எல்லாரையும் அதட்டி ஒதுக்கவேண்டும். இங்கே யாரையும் அதட்ட வேண்டியிருக்கவில்லை. ரெண்டு பக்கச் சுவரோடும் ஒட்டி நின்றார்கள் எல்லாரும். அவள் நின்ற இடத்திலிருந்து ஹாலின் கதவுவரை, மழை தெரிகிற தூரம்வரை, வழி அகலமாகக் கிடந்தது.